ஆரன் பர்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்கப் புரட்சிப் போரில் லெப்டினன்ட் கர்னல், நியூயார்க் வக்கீல், செனட்டர், அதிபர் ஜெஃபர்சனின் துணை அதிபர், முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனைச் சுட்டவர்: ஆரன் பர் (1756–1836) பற்றிய கேள்விகளுக்கு இன்று பதில். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பர்ரைப் பற்றிய காட்டமான வரி எது கண்ணில் பட்டாலும், எழுதியது யார் என்று முதலில் பாருங்கள்.

மூன்று வருடம் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பது அன்றைய நியூயார்க் விதி. 1779இல் ராணுவத்தை விட்டவர் 1782 ஜனவரியில் எப்படி வக்கீல் ஆனார்?

விலக்கு கேட்டு வாங்கினார். போருக்கு முன்பே லிட்ச்ஃபீல்டில், அக்கா கணவர் டாப்பிங் ரீவிடம் சட்டம் படிக்க உட்கார்ந்தவர் அவர். 1775இல் புத்தகத்தை மூடிவிட்டு, கனடாவின் கியூபெக்கைத் தாக்கப் புறப்பட்ட ஆர்னால்டின் படையோடு போய்விட்டார். "நாட்டுக்காகச் சண்டை போட்டதால் நின்ற படிப்பு எனக்கு எதிராக நிற்கலாமா?" என்பதுதான் வாதத்தின் சாரம். நீதிபதி ராபர்ட் யேட்ஸ் ஏற்றுக்கொண்டார். காலமும் கைகொடுத்தது. பிரிட்டிஷ் பக்கம் நின்ற வக்கீல்களைத் தொழிலிலிருந்து விலக்கியிருந்ததால் வழக்குகள் நிறைய, ஆட்கள் குறைவு.

சார், ஹாமில்டனோடு நடந்த துவந்த யுத்தத்தில் (இருவர் மட்டும் நேருக்கு நேர் நின்று சுடும் சண்டையில்) முதலில் சுட்டது யார்?

1804 ஜூலை 11, நியூஜெர்சியின் வீஹாக்கன், பத்தடி தூரம் அல்ல, பத்து எட்டு எடுத்து வைக்கும் தூரம். இரண்டு வெடிச் சத்தம் கேட்டது என்பதில் இரு தரப்புக்கும் துணையாக உடன் வந்த பெண்டில்டனும் வான் நெஸ்ஸும் ஒத்துப்போனார்கள், வரிசையில் ஒத்துப்போகவில்லை. ஹாமில்டனின் குண்டு பர்ருக்கு மேலே மரக்கிளையில் பட்டது. பர்ரின் குண்டு வலது இடுப்புக்கு மேலே நுழைந்து ஈரலைக் கிழித்து முதுகெலும்பில் நின்றது. பெண்டில்டன் சொல்வது ஹாமில்டன் தரப்பு, வான் நெஸ் சொல்வது பர் தரப்பு. இதற்கு மேல் உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

தண்ணீர் கம்பெனி என்று சொல்லி வங்கி திறந்தாராமே?

ஆமாம், இதை விரிவாகவே சொல்ல வேண்டும். 1798இல் மஞ்சள் காய்ச்சல் நியூயார்க்கில் சுமார் 2,000 பேரைக் கொண்டுபோனது. நல்ல தண்ணீர் இல்லை என்ற கூக்குரல். அப்போது நகரில் இருந்த இரண்டு வங்கிகளும் பர்ரின் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கையில். 1799இல் பர் சட்டமன்றத்தில் மன்ஹாட்டன் கம்பெனிக்கு 20 லட்சம் டாலர் மூலதனத்தோடு சாசனம் வாங்கினார். அதற்குள் ஒரு வாக்கியம்: உபரி மூலதனத்தைச் சட்டத்துக்கு முரணில்லாத எந்தப் பண விவகாரத்திலும் போடலாம். 'வங்கி' என்ற சொல்லே தேவைப்படவில்லை. செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் 40ஆம் எண்ணில் வங்கி திறந்தாயிற்று.

தண்ணீரும் வந்தது, ஏனோதானோவென்று. துளையிட்ட மரக்கட்டைகள்தான் குழாய். மர வேர் உள்ளே புகும், பனிக்காலத்தில் உறையும், அழுத்தம் போதாது. தொலைவிலிருக்கும் ஆற்று நீரைக் கொண்டுவராமல் நகருக்குள்ளேயே கிணறு தோண்டியதுதான் அடிப்படைப் பிழை, அதில் மிச்சமான பணம் வங்கிக்குப் போனது. 1842இல் குரோட்டன் ஆற்று நீர் வந்த பிறகே நகரம் பிழைத்தது. அந்த வங்கி 1955இல் சேஸ் நேஷனலோடு இணைந்தது. அந்தத் துவந்த யுத்தத் துப்பாக்கிகள் இன்று அந்தப் பரம்பரை வங்கியிடமே இருக்கின்றன!

ஹாமில்டன் துப்பாக்கியில் ரகசிய விசை இருந்ததாமே? அப்படியானால் முதலில் சுட்டது...

மென்விசை, அதாவது லேசாகத் தொட்டாலே சுட வைக்கும் விசை, இரண்டிலும் உண்டு. அதைப் பொருத்தவா என்று பெண்டில்டன் கேட்டார், இந்த முறை வேண்டாம் என்றார் ஹாமில்டன். பெண்டில்டன் யார் தரப்பு என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

1800 தேர்தலில் பர் அதிபர் பதவியைத் திருடப் பார்த்தாரா?

அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு தேர்வாளருக்கும் அன்று இரண்டு வாக்கு. எது அதிபருக்கு, எது துணை அதிபருக்கு என்று எழுத இடமில்லை. ஜெஃபர்சனும் பர்ரும் ஒரே கட்சி; அந்தக் கட்சித் தேர்வாளர்களில் ஒருவராவது பர்ருக்குப் போடாமல் விட்டிருக்க வேண்டும், யாரும் விடவில்லை. இருவருக்கும் 73க்கு 73. சமநிலை என்பதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது, அங்கே 16 மாநிலங்களில் 9 வேண்டும். 35 சுற்று வரை ஜெஃபர்சனுக்கு 8தான். 36ஆம் சுற்றில் சிலர் வெற்றுச் சீட்டுப் போட 10 ஆனது. பர் திருடவில்லை, ஆனால் 'எனக்கு வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லவும் இல்லை. 1804இல் 12ஆவது திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது.

1807 ரிச்மண்ட் வழக்கு: மேற்குப் பகுதிகளை நாட்டிலிருந்து பிரிக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தேசத் துரோகி எப்படித் தப்பினார்?

அரசியல் சாசனப்படி துரோகம் என்றால் போர் தொடுப்பது அல்லது எதிரிக்கு உதவுவது. ஒரே வெளிப்படைச் செயலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். குற்றப்பத்திரிகை காட்டிய செயல், 1806 டிசம்பரில் ஓஹியோ ஆற்றின் பிளென்னர்ஹாசெட் தீவில் ஆட்கள் திரண்டது. அன்று பர் அங்கே இல்லை. முதலில் அந்தச் செயலில் அவர் பங்கை நிரூபியுங்கள், மற்ற சாட்சியமெல்லாம் பிறகு என்றார் தலைமை நீதிபதி மார்ஷல். அரசுத் தரப்பு அங்கேயே நின்றுபோனது.

அதே மார்ஷல் பிப்ரவரியில், பர்ரின் கூட்டாளி போல்மன் வழக்கில், சம்பவ இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பங்கெடுத்தவன் துரோகியே என்றார். ஜெஃபர்சன் மீதிருந்த கடுப்பில் ஆறே மாதத்தில் மாற்றிக்கொண்டார்.

அந்த வரியின் தலையை வெட்டிவிட்டீர்கள். "உண்மையில் போர் தொடுக்கப்பட்டிருந்தால்" என்றுதான் அது தொடங்குகிறது. தீவில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அப்படியானால் தூண்டிவிட்டுத் தள்ளி நிற்பவன் எப்போதும் தப்பிப்பான்!

தூண்டியதைக் குற்றமாக எழுதி, அதற்கு இரண்டு சாட்சி கொண்டுவந்தால் தப்ப மாட்டான். அரசிடம் அது இல்லை. அதன் பெரிய சாட்சி ஜெனரல் வில்கின்சன், ஸ்பெயினிடம் பணம் வாங்கியவர். பர் தனக்கு அனுப்பியதாகச் சொன்ன சங்கேதக் கடிதத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடங்களைத் திருத்தியதைத் தானே ஒப்புக்கொண்டவர். மார்ஷலுக்கும் ஜெஃபர்சனுக்கும் பகை உண்டு, மறுக்கவில்லை. பகை இருந்ததால் தீர்ப்பு தப்பு என்றாகிவிடாது. ஜூரியும் 'குற்றமற்றவர்' என்று மட்டும் சொல்லவில்லை, 'எங்கள் முன் வந்த சாட்சியத்தால் நிரூபிக்கப்படவில்லை' என்றார்கள். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் வாதத்துக்கு அதுதான் பலம்.

அவருக்குக் கல்கத்தாவில் பிறந்த மனைவி இருந்தாரா?

மனைவி அல்ல. மேரி எம்மன்ஸ் கல்கத்தாவைச் சேர்ந்தவர் என்பது வம்சாவளியினர் சொல்லிவரும் செய்தி. அவருடைய மகன் ஜான் பியர் பர், ஃபிலடெல்ஃபியாவில் முடிதிருத்துபவர், தப்பி வந்த அடிமைகளுக்கு உதவியவர். பர் குடும்பச் சங்கம் 2018இல் ஜான் பியரை ஆரன் பர்ரின் மகனாக ஏற்றது.

முதலில் சுட்டது யார் என்று மட்டும் ஒரே வரியில்...

இரண்டாவது கேள்வி. மேலே.

கடைசிக் காலத்தில் விவாகரத்து ஆனதாமே?

1833இல் பணக்கார விதவை எலிசா ஜூமலை மணந்தார். அவர் பணத்தைப் பர் கரைக்கிறார் என்று விவகாரம் வளர்ந்தது. எலிசாவுக்கு வாதாடிய வக்கீலின் பெயர் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஜூனியர், மேலே சொன்னவரின் மகனேதான். தீர்ப்பு இறுதியான 1836 செப்டம்பர் 14 அன்றே பர் ஸ்டேட்டன் தீவில் இறந்தார்.