பாதியில் நிற்கும் கிட் கார்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒருவரிடம் பாதியில் நிற்கும் கிட் கார் (உதிரிகளைச் சேர்த்து நாமே பூட்டும் வண்டி) ஒன்று விலைக்கு வருகிறது. மாருதி ஜிப்சி ஜீப்பின் என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில். சதுரக் குழாயில் பற்றவைத்த சேஸ், லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பைபர் பாடி. நாலு வருடமாகக் கிடக்கிறதாம். "90 சதவீதம் முடிந்துவிட்டது" என்கிறார். எங்கள் பழைய வீட்டின் பின்கட்டு சும்மாதான் கிடக்கிறது. அங்கே வைத்து முடித்து, திருமயம் வரை ஒருநாள் ஓட்டிப்போக ஆசை. 1.25 லட்சம் கேட்கிறார். வாங்கலாமா?

சொக்கலிங்கம்,
தேவகோட்டை

அன்புள்ள சொக்கலிங்கம்,

திருமயத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஜிப்சியின் ஆர்.சி. புக்கை அவர் உங்கள் கையில் கொடுத்தாலும் அது அந்த ஜிப்சிக்குத்தான் செல்லும், அதன் என்ஜினைச் சுமக்கும் வேறொரு சேஸுக்குச் செல்லாது. தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பிரிட்டனில் வீட்டில் பூட்டிய வண்டியைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி உண்டு. 1957இல் வந்த லோட்டஸ் செவனை உதிரியாக விற்றதே முழுக் காருக்கான கொள்முதல் வரியைத் தவிர்க்கத்தான். நமக்கு அந்த வசதி இல்லை. டிரெய்லரில் ஏற்றி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ஒரு ட்ராக்கில் அனுமதி வாங்கி ஓட்டினால் போதும் என்றால் மேலே படியுங்கள்.

அந்த 90 சதவீதக் கணக்கை நம்பாதீர்கள். என்ஜினை உட்காரவைத்து, சக்கரம் மாட்டி, பாடியை மேலே கவிழ்த்துவிட்டால் கண்ணுக்கு முழு வண்டி தெரியும். பிரேக் குழாய், வயரிங், பெட்ரோல் லைன், ஸ்டியரிங் எல்லாம் அதற்கப்புறம்தான், நேரத்தைத் தின்பதும் அவைதான். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் "பணம் இல்லை" என்பார். அதோடு விடாமல், டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

முதலில் சேஸின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. அடுத்தது ஸ்டியரிங் ராக், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம். முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் 25 மி.மீ. 25 மி.மீ. ஆக மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் டோ அளவு (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது) எடுங்கள். அளவு மாறிக்கொண்டே போனால், மேடுபள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பும். டை ராடின் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) உள்மூட்டு, விஷ்போன்களின் (சக்கரத்தைச் சேஸோடு பிணைக்கும் முக்கோணக் கைகள்) உள்மூட்டுகளை இணைக்கும் கோட்டில் உட்காராததுதான் காரணம். ராக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய இடமிருந்தால் பரவாயில்லை. குறுக்கே சேஸ் குழாய் நின்றால் வெட்டி ஒட்டவேண்டியதுதான். இந்த மாதிரி வண்டிகள் பலவும் நின்றுபோகும் இடம் இது, ஆனால் விற்பவர் சொல்லமாட்டார். அப்படி இருந்தால் சேஸுக்குப் பணம் தராதீர்கள், என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சிலுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸை (நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) எடுத்திருப்பார்கள், அதனால் பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறியிருக்கும். லேத் பட்டறையில் வெட்டி ஒட்டியதோடு விட்டார்களா, பேலன்ஸும் செய்தார்களா என்று கேளுங்கள். பேலன்ஸ் இல்லாவிட்டால் வேகம் கூடக்கூட அதிர்ந்து, சிலுவை மூட்டைத் தின்றுவிடும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாலு வருடம் நின்ற வண்டியில் காலிப்பர், வீல் சிலிண்டர் ரப்பர்கள் எல்லாம் புதிதாகப் போடவேண்டும். ஜிப்சியை விட இது மிகவும் லேசான வண்டி என்பதால் பின் டிரம் முதலில் லாக் ஆகி வால் சுற்றக்கூடும். பின்பக்க லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பிரஷர் வால்வு போடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் இளகும். என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறிய பிறகு ஸ்பேனரால் கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். டைமிங் பெல்ட் ஓடாமல் கிடந்தாலும் காயும், மாற்றுங்கள்.

இனி பின்கட்டு. தரை ஆத்தங்குடிக் கல் என்றால் ஜாக்கி ஸ்டாண்டை நேராக அதன்மேல் நிறுத்தாதீர்கள். சிமெண்ட் கல், கூரான பாரத்தில் வெடிக்கும், சிந்திய ஆயிலைக் குடித்துக் கறையாகவே வைத்துக்கொள்ளும். 18 மி.மீ. பிளைவுட்டை விரித்து மேலே தார்ப்பாய் போடுங்கள். தேக்கு உத்தரத்தில் செயின் பிளாக் கட்டும் எண்ணமும் வேண்டாம். என்ஜின் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும்.

பைபர் ஒட்டுவேலைக்கு ரெசின், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்), ஹார்டனர் என மூன்று டப்பா தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்குநேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ரெசினில் முதலில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனர். உங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஹார்டனர் 1 சதவீதம் போதும், ஒருதடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கப்பிலேயே கட்டிவிடும். விடியற்காலையில் செய்யுங்கள். பின்கட்டில் ஆச்சியின் விறகடுப்பு இன்னும் எரிகிறதென்றால், இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.