கறுப்புக் காரின் கீறல்களை எடுக்க மைக்ரோஃபைபர் பாலிஷ் பேட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

ஐந்து வருடமான கறுப்பு ஹேட்ச்பேக். வெயிலில் நிறுத்தினால் உடம்பெங்கும் சிலந்திவலை போலக் கீறல். புதிதாக வாங்கிய டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின் (அதிர்ந்துகொண்டே சுழலும் வகை), அதில் பேடை ஒட்டும் 5 அங்குலத் தட்டு. இணையக் கடையில் மைக்ரோஃபைபர் பேட் (ஃபோமின் மேல் நுண்ணிழைத் துணி ஒட்டியது) பல விலைகளில் இருக்கிறது, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். ஆனால் காரின் மேல் முதலில் அதை வைக்காதீர்கள். வாங்குவதென்றால் ஒன்றோடு நிறுத்தவும் வேண்டாம். விலை உயர்ந்த ஒரு பேடைவிட நடுத்தர விலையில் நான்கு பேட் எவ்வளவோ மேல்.

நான் கார் தொழில் செய்பவன் அல்லன். திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குத் தரம் பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்களின் கார்களைக் கெடுத்தும் திருத்தியும் பாலிஷ் பழகினேன். முதலில் கெடுத்தது மாமனாரின் காரை.

அதுவும் கறுப்புதான். மே மாதத்து ஞாயிறு, வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். நிழல் நகர்ந்துவிட்டது, நான் நகரவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு மைக்ரோஃபைபர் கட்டிங் பேட், பெயிண்டின் மேற்பரப்பை அறுத்துக் கீறலை எடுப்பது. முதல் இரண்டடிச் சதுரத்தில் கீறல்கள் இருந்த இடம் தெரியவில்லை. கை துறுதுறுத்தது, பானெட் முழுவதையும் அந்த ஒரு பேடிலேயே முடித்துவிடலாம் என்று இறங்கினேன். பாதி தாண்டியதும் மெஷினின் சத்தம் மாறியது, பேட் திக்கித் திக்கி ஓடியது. நிறுத்திப் புரட்டிப் பார்த்தால், இழைகளெல்லாம் தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த மாவு போல அப்பிக் கெட்டியாகிக் கிடந்தன. விட்டேனா? கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தொடர்ந்தேன். அடுத்த ஐந்தாவது நிமிடம், சூட்டில் பசை இளகி, இழைத் துணி ஃபோமிலிருந்து ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது.

மாலையில் கழுவித் துடைத்துக் கொடுத்தபோது பளபளவென்றுதான் இருந்தது. இரவு பெட்ரோல் பங்க்கின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே போய் நின்றதும் குட்டு வெளிப்பட்டது. சிலந்திவலை போயிருந்தது; அந்த இடத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு சாம்பல் மங்கல். “மாப்பிள்ளை, நிறம் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிகிறதே, என் கண்தான் சரியில்லையா?” என்று கேட்டார் மாமனார். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆமாம், கண்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

என்ன நடந்தது என்பதை என் தொழில் பாஷையில் சொன்னால்தான் எனக்கு விளங்குகிறது. 9000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். அதைவிட மெல்லியதைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறோம். பெரும்பாலும் பாலியஸ்டரும் நைலானும் 80-க்கு 20, அல்லது 70-க்கு 30 என்று கலந்திருக்கும். ஃபோம் பேடின் முகம் முழுக்கத் துளைகள். காம்பவுண்டில், அதாவது பேடில் தடவும் களிம்பில், உள்ள உராய்வுத் துகள்களில் ஒரு பங்கு அந்தத் துளைகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மைக்ரோஃபைபரிலோ துகள்கள் இழைகளில் தொற்றிக்கொண்டு பெயிண்டின் மேலேயே வேலை செய்கின்றன, இழையும் தன் பங்குக்குத் தேய்க்கிறது. அதனால்தான் அது வேகமாக அறுக்கிறது. பழைய கீறலை எடுத்த அதே இழைகள், போகிற போக்கில் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களைத் தாமே போட்டுவிடுவதும் அதனால்தான். அந்த நுண்கீறல்கள் சேர்ந்ததுதான் நான் பார்த்த மங்கல். வெள்ளைக் காரில் அது இருந்தாலும் எளிதில் கண்ணில் படாது. கறுப்பில் ஒளிக்க இடமில்லை.

அறுப்பது எதை என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான். காரின் நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான், அதாவது அரைத் தாள். வெயிலில் பெயிண்ட் வெளுக்காமல் காப்பதும் அந்த அரைத் தாள்தான். அதில் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரானைத்தான் செலவு செய்யலாம். பானெட்டின் மடிப்புக் கோடுகள், கதவின் விளிம்புகள் ஆகிய இடங்களில் பெயிண்ட் இன்னும் மெல்லியது; மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மைக்ரோஃபைபர் பேடை அங்கே கொண்டுபோகவே கூடாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது. அங்கே எனக்கு ஃபோம் போதும்.

ஆகவே முதல் சோதனை ஃபோமில்தான். பானெட்டில் இரண்டடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டுங்கள். மென்மையான ஃபோம் பேட், நுண்ணிய பாலிஷ், நாலைந்து முறை குறுக்கும் நெடுக்குமாக. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தத் துடைப்பு அவசியம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து நம்மை ஏமாற்றும். பத்தில் ஏழு கீறல் போயிருந்தால் ஃபோமோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. போகவில்லை என்றால்தான் மைக்ரோஃபைபர். ஜெர்மன் கார்களின் கிளியர் கோட் கடினம், ஜப்பானியக் கார்களின் கறுப்பு மென்மை என்று பாலிஷ் போடுகிறவர்கள் சொல்வார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் 2003-இன் இறுதியில் செராமிக் நுண்துகள் கலந்த கிளியர் கோட்டையே கொண்டுவந்தது. கடின பெயிண்டில்தான் மைக்ரோஃபைபர் பேடின் அருமை தெரியும். ஆனால் உங்கள் காரின் ஒரு கதவு எப்போதாவது டிங்கரிங் பட்டறைக்குப் போய் மறுபெயிண்ட் கண்டிருந்தால், அந்தக் கதவு வேறு காரின் கதவு மாதிரிதான். அதற்குத் தனிச் சோதனை போடுங்கள்.

இனி பேடைக் கையில் எடுத்துப் பார்ப்பது. இணையத்தில் வாங்கினாலும் வந்ததும் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு கட்டை விரல்களாலும் இழையைப் பிரித்து விலக்குங்கள். அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் இழை அடர்த்தி போதாது. நாலு இடம் தேய்ப்பதற்குள் படுத்துவிடும். அறுப்பதற்கான பேடில் இழை குட்டையாகவும் நெருக்கமாகவும் நிமிர்ந்தும் இருக்க வேண்டும். துடைக்கும் துணி போலப் புசுபுசுவென்று நீண்டிருந்தால் தொடுவதற்குச் சுகம்தான், ஆனால் அழுத்தியதும் சாய்ந்துகொள்ளும். துணியும் ஃபோமும் சேரும் விளிம்பை நகத்தால் மெல்லக் கிளறிப் பாருங்கள். அங்கே இப்போதே வாய் பிளந்தால், சூடேறியதும் என் கதைதான்.

பக்கவாட்டில் திருப்பினால் இழைக்கும் வெல்க்ரோவுக்கும் நடுவில் உள்ள ஃபோம் தெரியும். மெல்லிய ஃபோம் என்றால் மெஷினின் அசைவு அப்படியே பெயிண்டுக்குப் போகும்; அறுப்பு அதிகம், சமமான இடங்களுக்கு நல்லது. தடித்த, மெத்தென்ற ஃபோம் வளைவுகளில் படிந்து கொடுக்கும். ஃபினிஷிங் என்று எழுதி விற்கும் மைக்ரோஃபைபர் பேடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உங்கள் கறுப்புக்கு அந்த ஃபினிஷிங் மைக்ரோஃபைபர் வேண்டாம். அந்தக் காசுக்கு மென்மையான ஃபோம் பேட் இரண்டு வாங்குங்கள். கறுப்பில் கடைசிக் கை எப்போதும் ஃபோமின் கையாக இருக்கட்டும்.

அளவு: பேட் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. உங்கள் 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அங்குலம் பொருந்தும். தட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு கீறல் இயந்திரம். நடுவில் துளை உள்ள பேடை நான் விரும்புவேன். சரியாக மையத்தில் ஒட்ட வசதி, சூடு வெளியேறவும் ஒரு வழி. தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் அதிர்ந்துகொண்டே சுழல வேண்டும். கோடு சுற்றாமல் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. ஃபோமைவிட மைக்ரோஃபைபர் பெயிண்டை இறுகப் பிடிக்கும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். 8 மில்லிமீட்டர் வீச்சு (பேட் அதிரும் வட்டத்தின் அகலம்) உள்ள சிறிய மெஷின் என்றால் இன்னும் அடிக்கடி. 15, 21 மில்லிமீட்டர் வீச்சு மெஷின்களும் வளைவான இடங்களில் இதே பிடிவாதத்தைக் காட்டும். டிங்கரிங் பட்டறைகளில் இருக்கும், அதிராமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெஷினில் இந்த பேடுகளைப் போடவே வேண்டாம், சூடு தாங்காது.

நான்கு ஏன்? பேட் எடுக்கிற கிளியர் கோட் தூள் எங்கும் பறந்துபோவதில்லை, இழைகளுக்குள்ளேயே தங்குகிறது. அடுத்த இடத்தில் தேய்ப்பது காம்பவுண்டு மட்டுமல்ல, அந்தத் தூளும்தான். ஆகவே ஒவ்வொரு இரண்டடிச் சதுரத்துக்குப் பிறகும் மெஷினை நிறுத்தி, கெட்டியான நைலான் பிரஷால் இழையைச் சீவி நிமிர்த்த வேண்டும். காற்றழுத்தக் குழாய் இருந்தால் இன்னும் உத்தமம். ஒருமுறை ஊதினால் வெள்ளைப் புகை போலத் தூள் பறக்கும். அப்போதுதான் இவ்வளவு நேரம் எதை வைத்துத் தேய்த்தோம் என்பது புரியும். என்னதான் சீவினாலும் இரண்டு பேனலுக்கு (கதவு, பானெட் போன்ற தனிப் பாகம்) மேல் ஒரு பேட் தாங்காது, ஈரமும் சூடும் ஏறிவிடும். அதைக் கழற்றி ஆறப்போட்டு அடுத்ததை மாட்டுங்கள். சிறிய காருக்கு நான்கு இருந்தால் நிம்மதி, ஆறு இருந்தால் ராஜ வாழ்க்கை.

காம்பவுண்டு பற்றிச் சுருக்கமாக. மைக்ரோஃபைபருக்கு என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள்; மெக்வயர்ஸ் நிறுவனத்தின் டி300 அப்படி ஒன்று. பழைய கம்பளி பேடுக்கான ரப்பிங் காம்பவுண்டு இதில் சீக்கிரம் காய்ந்து கட்டிதட்டும். முதல் முறை மட்டும் பேடின் முகம் முழுவதும் விரலால் தடவி, இழை நுனியெல்லாம் ஈரமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று நான்கு சொட்டு போதும். ஒரு பேடுக்கு ஒரே காம்பவுண்டுதான்.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். துணிக்கு வாசனை தரும் சாஃப்ட்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது இழையின் மேல் பூச்சாகப் படிந்துவிடும். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பசை போய்விடும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். மைக்ரோஃபைபரில் தூசியும் முடியும் நாயுருவி போல ஒட்டிக்கொள்ளும். தரையில் விழுந்த பேடை அன்றைக்கு மறந்துவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களைத் துடைக்கிறவரின் துணிக்கு உங்கள் காரை மறுபடி கொடுப்பதாக இருந்தால் பேட் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். உங்கள் காரில் அந்தச் சிலந்திவலையைப் பின்னியதே பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு துணியாகத்தான் இருக்கும்.

மாமனாரின் காரை அடுத்த மாதமே ஃபோமும் நுண்ணிய பாலிஷும் கொண்டு காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். பின்கதவில் மட்டும் யாரோ சாவியால் இழுத்த ஒரு கோடு இன்னும் இருக்கிறது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அவ்வளவு ஆழத்தை எந்த பேடாலும் எடுக்க முடியாது, எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். ஒவ்வொரு முறை கார் கழுவும்போதும் அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்க்கிறார். நான் டயரைத் துடைக்கப் போய்விடுகிறேன்.