தீபாவளிப் பரிசுகளைச் சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்குவது கட்டுப்படியாகுமா?

கேள்வி: நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். உறவினர், அக்கம்பக்கத்தார், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, குடியிருப்புக் காவலாளி என இருபது பேருக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பரிசுப் பெட்டி கொடுப்பது வழக்கம். சென்ற ஆண்டு பெட்டி ஒன்று 600 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் செலவானது. இம்முறை வீட்டிலிருந்தே சோப்பும் நலங்கு மாவும் தயாரிக்கும் பெண்களிடமும், துணிப்பை, பனையோலைப் பொருட்கள் செய்பவர்களிடமும் வாங்க விரும்புகிறேன். கடையில் 40 ரூபாய்க்குச் சோப்பு கிடைக்கும்போது 110 ரூபாய் கொடுப்பது வீண் என்கிறார் என் கணவர். அக்டோபரில் 32,000 ரூபாய் போனஸ் வரும். கிரெடிட் கார்டில் 18,500 ரூபாய் பாக்கி உள்ளது. சோப்பு தயாரிக்கும் தோழி ஒருவர், மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டு கட்டினால் அடுத்த தீபாவளிக்கு 14,000 ரூபாய்க்குப் பொருள் தருவதாகச் சொல்கிறார். அதில் சேரலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். சென்ற ஆண்டைவிடக் குறைந்த செலவிலேயே வாங்க முடியும் என்பதைக் கீழே கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஆனால் சிறு தயாரிப்பாளருக்கு நீங்கள் செய்யும் உதவியின் மதிப்பு, எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதைவிட எப்போது ஆர்டர் கொடுக்கிறீர்கள், எப்படிப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கார்டு பாக்கி. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 18,500 ரூபாய்க்கு ஏறத்தாழ 650 ரூபாய் வட்டியும், அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, மாதத்துக்கு 760 ரூபாய்க்கு மேல் உங்கள் கையைவிட்டுப் போகிறது. பாக்கி நிலுவையில் இருக்கும்வரை அதே கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே பரிசுப் பொருள் ஒன்றைக்கூடக் கார்டில் வாங்காதீர்கள். போனஸ் வந்தவுடன் வட்டியோடு சேர்த்து சுமார் 19,300 ரூபாயைக் கட்டி முடித்தால் 12,700 ரூபாய் மிஞ்சும். பரிசுகள் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும்.

ஒரு துணிப்பையில் இரண்டு சோப்பு (220 ரூபாய்), 100 கிராம் நலங்கு மாவு (120 ரூபாய்), குளிக்கும்போது தேய்த்துக்கொள்ளப் பீர்க்கங்காய் நார் ஒன்று (40 ரூபாய்) என்று போட்டு, பைக்கு 60 ரூபாய் சேர்த்தால் 440 ரூபாய். இருபது பேருக்கு 8,800 ரூபாய் ஆகிறது. சோப்பையும் சோப்பையும் ஒப்பிட்டால் உங்கள் கணவர் சொல்வது சரியாகத் தோன்றும். ஆனால் நீங்கள் கைவிடுவது 600 ரூபாய்ப் பெட்டியை. அதன் விலையில் அட்டையும் பளபளப்புத் தாளும் பிளாஸ்டிக் தட்டும் அடக்கம், அவையெல்லாம் பண்டிகைக்கு மறுநாளே குப்பைக்குப் போய்விடும். பனையோலைக் கொட்டான் இந்தத் தொகைக்குள் வராது. மிக நெருங்கிய இரண்டு மூன்று வீடுகளுக்கு மட்டும் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்திலோ மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனை அங்காடியிலோ அதை வாங்கலாம். பெறுபவர் பயன்படுத்த மாட்டார் என்று தெரிந்தும் மூங்கில் பல்துலக்கி போன்றவற்றைப் பையில் சேர்க்க வேண்டாம். அலமாரியில் கிடந்து வீணாகும் பொருள் எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும் அது கழிவுதான்.

இப்போது அந்த 110 ரூபாயைப் பார்ப்போம். வீட்டில் செய்யப்படும் சோப்பு பெரும்பாலும் குளிர்முறையில் தயாராகிறது. எண்ணெயையும் காரக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றி, இறுகிய பின் வில்லைகளாக வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கி வைத்து உலர்த்த வேண்டும். அந்த ஆறு வாரமும் எண்ணெய்க்குப் போட்ட முதல் அப்படியே முடங்கிக் கிடக்கும். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை உச்சத்துக்கு ஏறியபோது இவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, தலைமுடி எண்ணெய் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவே செய்திராத ஒரு தயாரிப்பாளர் உங்களிடம் அந்த வரியை முன்பும் வசூலித்ததில்லை என்பதால், அவர் விலையில் குறைக்க எதுவும் இல்லை. எனவே, ‘வரி குறைந்த பிறகும் உங்கள் விலை ஏன் குறையவில்லை’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

2026 தீபாவளி நவம்பர் 8 என்பதால், சோப்பு ஆர்டரைச் செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 40 சோப்புக்கு 4,400 ரூபாய். அதில் பாதியான 2,200 ரூபாயைச் செப்டம்பர்ச் சம்பளத்திலிருந்து முன்பணமாகக் கொடுங்கள். அந்தப் பணத்தில் அவர் கடன் வாங்காமலே எண்ணெய் வாங்கிவிடுவார். எத்தனை வில்லை விற்கும் என்ற ஊகத்தில் தயாரித்து மிச்சத்தைத் தேக்கி வைக்கும் நிலையும் வராது. நலங்கு மாவு புதிதாக அரைத்ததாக இருப்பதே நல்லது என்பதால் அதையும் பைகளையும் போனஸ் வந்த பிறகு அக்டோபரில் சொன்னால் போதும். இணைய வணிகத் தளங்கள் விற்பனையாளரிடம் தரகு பிடித்துக்கொள்கின்றன. நேரடியாக ஆர்டர் கொடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகச் செலுத்தினால் அவருக்கு எந்தக் கட்டணமும் பிடிக்கப்படாது. பேரம் பேச வேண்டுமென்றால் பொட்டலத்தில் பேசுங்கள்: ‘தனித்தனி அட்டைப்பெட்டி வேண்டாம், ஒரு காகிதச் சுற்று போதும்’ என்று சொன்னால் சோப்புக்கு ஐந்தாறு ரூபாய் அவருக்கு மிச்சமாகும், அதில் ஒரு பகுதியை அவரே உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. விற்பனைக்காகச் செய்யும் அழகுசாதனப் பொருட்களுக்கு, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் தேவை. உறையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண் (சோப்பு என்றால் அதற்குப் பதில் தயாரித்த மாதமும் ஆண்டும்), சேர்மானங்கள், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கையால் செய்தது என்பது இதற்கு விலக்காகாது. சொந்தமாக உற்பத்திக்கூடம் இல்லாதவர்கள், உரிமம் பெற்ற வேறொருவரின் கூடத்தில் தயாரித்துக்கொள்ளவும் விதிகளில் வழி இருக்கிறது. இருபது குடும்பங்களின் தோலில் படப்போகும் பொருள் என்பதால் உரிம எண்ணைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. முறையாகத் தொழில் செய்பவர் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் காவலாளிக்கும் இந்தப் பையை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்குத் தீபாவளிக்குத் தேவைப்படுவது ரொக்கம். செப்டம்பர் முன்பணம் உட்படப் பரிசுகளின் முழுச் செலவும் போக மிஞ்சும் ஏறத்தாழ 3,900 ரூபாயிலிருந்து முதலில் அதை ஒதுக்குங்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். உங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கான பரிசுகளை உத்யம் எனும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற சிறு தயாரிப்பாளரிடம் வாங்கினால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும்; எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். தீபாவளிப் பொருளுக்கான பில் பொங்கல்வரை மேசையில் கிடப்பதால் மூடப்பட்ட தொழில்கள் உண்டு. அந்த பில் உங்கள் கைக்கு வரும்போது அன்றே நகர்த்திவிடுங்கள். நீங்கள் வாங்கும் 40 சோப்பைவிட அது பெரிய உதவி.

தோழியின் திட்டத்தில் சேர வேண்டாம். மாதம் 1,000 ரூபாய் கட்டி ஓராண்டில் 2,000 ரூபாய் கூடுதலாகப் பெறுவதென்றால், சராசரியாக அவரிடம் இருக்கும் 6,500 ரூபாய்க்கு ஏறத்தாழ 30 சதவீத வட்டி ஆகிறது. அவர் கொடுப்பது பொருள் என்பதால் அவருடைய உண்மைச் செலவு சற்றுக் குறையலாம். அப்படியும் ஒரு சிறு தொழில் தாங்கக்கூடிய சுமை அல்ல இது. தொழில் நொடித்தால் உங்கள் பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, நட்பும் கெடும். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது நடைமுறை மூலதனம். 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய்வரை பிணையில்லாமல் வங்கிக் கடன் கிடைக்கிறது, வட்டியும் இதைவிட வெகு குறைவு. விண்ணப்பத்துக்கான வரவு செலவுக் கணக்கை எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் அவருக்குக் கிடைக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

அந்த 1,000 ரூபாயை உங்கள் பெயரிலேயே வங்கித் தொடர் வைப்பாகப் போடுங்கள். அடுத்த தீபாவளி அக்டோபர் இறுதியிலேயே வந்துவிடுவதால், இந்த நவம்பரில் பத்து மாதத் தவணையில் தொடங்கினால் 2027 செப்டம்பரில் 10,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். சோப்புக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நேரமும் அதுவே.