வரிசைக்கு வராத காற்று எச்சரிக்கை

காற்று எச்சரிக்கையை அனுப்பிவிட்டு, பெறும் நிரலை நிறுத்திவைத்தும், ராபிட்எம்கியூ (நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருள்) வரிசை காலியாகவே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் செய்தி அங்கே வந்து சேரவேயில்லை, நண்பரே. பிழை உங்கள் பைண்டிங்கில், அதாவது வரிசையை எக்ஸ்சேஞ்சுடன் (செய்திகளை வரிசைகளுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) கட்டும் விதியில் இருக்கிறது. செய்தியின் முகவரியாக அனுப்புவது 'குளச்சல்.காற்று', கட்டியிருப்பது 'குளச்சல்.*'. உங்களுடையது டைரக்ட் எக்ஸ்சேஞ்ச்; அது எழுத்துக்கு எழுத்து பொருத்தம் பார்க்கும். நட்சத்திரக் குறியை டாபிக் எக்ஸ்சேஞ்ச் மட்டுமே விரித்துப் புரிந்துகொள்ளும். எதற்கும் பொருந்தாத செய்தியை ராபிட்எம்கியூ சத்தமில்லாமல் எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு 'பெற்றுக்கொண்டேன்' என்றும் உறுதி சொல்லிவிடும். அதனால்தான் உங்கள் பதிவில் எல்லாம் வெற்றி.

இருக்கும் எக்ஸ்சேஞ்சின் வகையை மாற்ற முடியாது. டாபிக் வகையில் புதிதாக ஒன்றை உருவாக்கி, வரிசையை அதனுடன் இணையுங்கள். அனுப்பும்போது மாண்டேட்டரி கொடி என்ற அமைப்பையும் கட்டாயம் இயக்குங்கள். வழி கிடைக்காத செய்தி உங்களிடமே திரும்பி வரும். 2017 ஒக்கிப் புயலைக் கண்ட கரை இது. ஓர் எச்சரிக்கைகூடத் தொலையக் கூடாது.