ஏஜக்ஸா, ஸ்காபரோவா: வீடு வாங்க முதல் எதைப் பார்ப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதன் சாரம் இதுதான். கனடாவுக்கு வந்து மூன்று வருசம், பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கையில் இருக்கிறது, இரண்டு பேருக்கும் வேலை, நாலு வயதில் ஒரு பிள்ளை. உங்கள் வேலை ரொறன்ரோ டவுன்டவுனில், யூனியன் ரயில் நிலையத்துப் பக்கம். ஏறக்குறைய 8 லட்சம் டொலருக்கு ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில் பேஸ்மென்ட்டோடு (நிலக்கீழ்த் தளம்) ஒரு செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு, வருகிறது, அதே விலைக்கு ஸ்காபரோவில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய சின்ன டவுன்ஹவுஸ். ஏஜக்ஸ் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது என்று ஊரில் அம்மா அதையே எடுக்கச் சொல்கிறார். எதை முக்கியமாகப் பார்ப்பது?

ஜனவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்பேன். எங்கள் ஆக்கள் வீடு பார்க்கப் போனால் பிறந்தநாள் விழாவுக்கு ஹோலில் எத்தனை பேரை இருத்தலாம் என்றுதான் முதலில் கண்ணால் அளப்பார்கள். பிறந்தநாள் வருசத்தில் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் விடிய எழும்பி சினோ (பனி) தள்ளி, கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டி, பிள்ளையை டேகெயாரில் இறக்கி, டவுன்டவுனுக்குப் போகிற கோ ரயில் ஸ்டேஷனில் பார்க்கிங் தேடி ஓடுகிற நாள்தான். பின்னேரம் அதே வழியால் இருட்டில் திரும்ப வேண்டும். ரயில் பிந்தினால் டேகெயார் உங்களுக்காகக் காத்திருக்காது. பிந்துகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு அறவிடுகிற இடங்கள் இங்கே நிறைய. ஞாயிறு மத்தியானம் வீடு பார்க்கப் போன 401 நெடுஞ்சாலை வேறு, திங்கள் காலை 401 வேறு. லீவு போட்டாவது ஒரு வேலைநாள் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் வேலையிடம் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஸ்காபரோ வீட்டுக்கும் இதே சோதனைதான். அங்கே ஓடிய மூன்றாம் இலக்க ரயில்பாதை 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. புதுச் சப்வே வரப்போகிறது என்று சொல்லியே விலையை ஏற்றுவார்கள். நீங்கள் இன்றைக்கு ஓடுகிற பஸ்ஸைக் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது காசு. 8 லட்சத்துக்குக் குறைந்தபட்ச முற்பணம் 55,000: முதல் 5 லட்சத்துக்கு 5 வீதம், மேலே உள்ள 3 லட்சத்துக்கு 10 வீதம். அவ்வளவுதான் கட்டினால் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) காப்புறுதிக் கட்டணமாக 29,800 டொலர் கடனோடு ஏறும். அதற்கான 8 வீத மாகாண வரி, 2,384 டொலர், கடனில் ஏறாது. கையிலிருந்து கொடுக்க வேண்டும். காணி மாற்ற வரி, முதன்முறை வீடு வாங்குவோருக்கான கழிவு போக, ஏஜக்ஸில் 8,475 டொலர். ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரத்துக்குள் இருப்பதால் நகர வரியும் சேர்ந்து 16,475. ஆனால் ஏஜக்ஸ் இருக்கிற டூரம் பக்கம் வருடச் சொத்துவரி வீதம் கூட, சில வருசத்தில் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஒரு விசயம் பலர் கவனிப்பதில்லை: அந்தக் கழிவுக்கு உலகத்தில் எங்கேயும் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. ஊரில் மனைவி பெயரில் சீதன வீடு இருந்தால் லோயரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது பேஸ்மென்ட். அதை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டலாம் என்று நினைப்பீர்கள். மாதக் கணக்கைப் பேஸ்மென்ட் வாடகை இல்லாமல் போடுங்கள். அது இல்லாமல் கணக்கு நிற்காவிட்டால் அந்த வீடு உங்களுக்குப் பெரிது. வாடகைக்கு இருப்பவர் ஒரு மாதம் தராவிட்டால் வங்கி பொறுக்காது, வழக்குப் போட்டால் மாதக்கணக்கில் இழுபடும். கனடா வங்கியின் அடிப்படை வட்டி 2022 தொடக்கத்தில் கால் வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். வாடகையை நம்பி மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் அந்த நேரம் பட்ட பாடு எங்கள் ஆக்களுக்குள் ஒளிக்கிற கதை இல்லை.

அந்தப் பேஸ்மென்ட் மாநகரத்தில் இரண்டாவது யூனிட்டாகப் பதிந்ததா என்றும் கேளுங்கள். ஏஜன்ட் “எல்லாரும் விடுகிறார்கள்” என்று மழுப்பினால் பதியவில்லை என்றே எடுங்கள். நெருப்புப் பிடித்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். கீழே இறங்கினால் புதுக் கார்ப்பெட்டில் மயங்காமல் மூலைகளைப் பாருங்கள். சுவரின் அடியில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறதா, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதா, வெக்கை நாளிலும் நனைந்த சாக்கு மணம் வருகிறதா? வீடு 1960களின் கடைசி, 70களில் கட்டியதென்றால் அலுமினிய வயரிங்கா என்று இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள். சில காப்புறுதிக் கம்பனிகள் அதைத் தொடவே யோசிக்கும். சுடுதண்ணித் தாங்கி சொந்தமா வாடகையா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

டவுன்ஹவுஸ் என்றால் முதல் கேள்வி ஃப்ரீஹோல்டா (வீடும் நிலமும் முழுக்க உங்களுடையது) கொண்டோவா (பொது இடங்களை எல்லாரும் சேர்ந்து பராமரிப்பது). கொண்டோ என்றால் மாதப் பராமரிப்புக் காசு உண்டு, வருசா வருசம் ஏறும். கொண்டோ நிர்வாகத்தின் நிதி நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்டை லோயர் வாசித்து, சேமிப்பு நிதியில் போதிய காசு கிடக்கிறதா என்று சொல்லும் வரைக்கும் வாங்கும் ஒப்பந்தத்தில் போட்ட நிபந்தனையை நீக்கிக் கையெழுத்து வைக்காதீர்கள்.

வாஸ்து பார்க்க வேண்டாம் என்று அம்மாவோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டு வீடும் மற்ற எல்லாவற்றிலும் சமமாக வந்தால் கிழக்கு வாசலை எடுங்கள். ஆனால் இந்த நாட்டுக்கென்று ஒரு திசை சாஸ்திரம் உண்டு: தெற்குப் பார்த்த டிரைவேயில் வெயில் பட்டு சினோ தானாக உருகும், வடக்குப் பார்த்ததில் ஐஸ் கட்டிப்பட்டுக் கிடக்கும், உப்பை வாளி வாளியாகக் கொட்ட வேண்டும். தெருக்குத்து கூடாது என்று ஊரில் சொல்வது இங்கேயும் சரிதான், இரவிரவாகக் கார் லைட் முன்னறைக்குள் அடிக்கும்.

நீங்கள் எழுதிய அளவில் பார்த்தால் நான் ஸ்காபரோப் பக்கம்தான் சாய்வேன், அதுவும் அது ஃப்ரீஹோல்டாக இருந்தால். ஆனால் மனைவிக்கு எங்கே வேலை, காலையில் பிள்ளையை யார் இறக்குவது, வீட்டில் எத்தனை கார் என்று நீங்கள் எழுதவில்லை. அவவுக்கு ஏஜக்ஸுக்குக் கிழக்கே விட்பி, ஒஷாவாப் பக்கம் வேலை என்றால் என் பதில் ஏஜக்ஸ் என்று மாறும். அதை எழுதுங்கள்.