தையற்காரருக்கே அளவு பொருந்தவில்லை

கேள்வி: எனக்கு வயது 36. குமுளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறேன். எனக்குப் பொருந்தும் பிரா தேனி வரை போய்த் தேடியும் கிடைக்கவில்லை. மெஷினில் ஒரு மணி நேரம் குனிந்தால் கழுத்தும் தோள்பட்டையும் கடுக்கின்றன. பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம். மழைக்காலம் வந்தால் மார்புக்கு அடியில் புண். இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. மார்பகத்தைச் சிறிதாக்க அறுவை சிகிச்சை உண்டு என்று கடைக்கு வந்த ஒரு அக்கா சொன்னார். வீட்டுக்காரர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். மாமியாரோ, ‘ஆண்டவன் கொடுத்ததை அறுத்துப் போட்டால் புற்றுநோய் வரும்’ என்கிறார். செய்துகொள்ளலாமா டாக்டர்? மறுபடி மெஷினில் உட்கார முடியுமா?
– ஒரு வாசகி, குமுளி

பதில்: முதலில் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இந்த அறுவை சிகிச்சையால் புற்றுநோய் வராது. அறுவைக்கு முன் ஸ்கேனோ மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயோ எடுத்துப் பார்ப்போம். எடுத்த சதையையும் பரிசோதனைக்கு அனுப்புவோம். உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான் உங்கள் மலைக்குக் கீழே உள்ள கம்பம் ஊரில் வளர்ந்தவள். ஆடி மாதத்தில் உங்கள் ஊரில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈர உள்ளாடையோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் மடிப்பில் பூஞ்சைப் புண் வராமல் என்ன செய்யும்? தோளில் பள்ளம், கழுத்துக் கடுப்பு, அடியில் புண் மூன்றும் உங்களுக்கு இருக்கின்றன. இதை அழகுக்காகச் செய்வது என்று யாராவது சொன்னால், அந்தப் பாரத்தை ஒருநாள் அவர் சுமந்து பார்க்கட்டும். ‘எடையைக் குறை, எல்லாம் சரியாகிவிடும்’ என்றும் சிலர் சொல்வார்கள். எடையைக் குறைக்கும் எண்ணம் உங்களுக்கே இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். அறுவைக்குப் பிறகு எடை ஏறி இறங்கினால் வடிவமும் மாறும். ஆனால் எல்லோருக்கும் எடையோடு மார்பும் குறைந்துவிடுவதில்லை.

வெட்டும் விதம் என்னைவிட உங்களுக்கு எளிதில் விளங்கும். 1956இல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பிராவின் வெட்டுமாதிரியை வைத்துத்தான் இதற்கு ஒரு வரைபடம் போட்டார். இன்றும் பலர் அதைத்தான் பின்பற்றுகிறோம். உங்களை நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவோம். காம்பைச் சுற்றி ஒரு தையல், அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, அடி மடிப்போடு ஒன்று. ஜாக்கெட்டில் டாட் பிடிப்பதைப் போலத்தான். ஒரு பக்கத்தில் அரைக் கிலோ எடுப்பது சாதாரணம். பொத்தானைக் கழற்றி வேறு இடத்தில் தைப்பதைப் போலக் காம்பைக் கழற்றுவதில்லை. ரத்த ஓட்டமுள்ள சதையோடு சேர்த்தே மேலே நகர்த்துகிறோம். மிகப் பெரிய மார்பகங்களில் சில நேரம் கழற்றி ஒட்டவேண்டி வரும். அப்போது உணர்ச்சி போய்விடும். மற்றவர்களுக்கும் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். ‘எனக்கு எந்த முறை?’ என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பால் கொடுப்பதும் பாதிக்கப்படலாம் என்பதால் குழந்தை பெறும் எண்ணமுள்ளவர்களைக் காத்திருக்கச் சொல்வேன். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தழும்பு நிச்சயம் இருக்கும். முதலில் சிவந்தோ கறுத்தோ தெரியும். மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ உங்களுக்குத் தடித்து வீங்கியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இங்கும் அப்படித் தடிக்கலாம்.

முழு மயக்கத்தில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். ஓரிரு இரவு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அறுவைக்குப் பிறகு, பால் கட்டிய நாட்களில் கனத்ததைப் போல மார்பு இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இறுக்கிப் பிடிக்கும் பிராவை ஆறு வாரம் இரவும் பகலும் போடவேண்டும், மல்லாந்துதான் தூங்கவேண்டும். கீழே மதுரையில் செய்துகொண்டால், முதல் வாரம் கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். குமுளி மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகவேண்டாம். தையல்கள் சந்திக்கும் முனைதான் பலவீனமான இடம் என்று உங்களுக்குத் தெரியும், தோலிலும் நேர்த்தையல் அடி மடிப்புத் தையலோடு சேரும் இடம் அப்படியே. அங்கே சிறிதாகப் பிரிந்து கசிந்தால் பயப்படாதீர்கள், கட்டுப் போட்டு வந்தால் ஆறிவிடும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காம்பு கறுத்தாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மெஷினில் தாராளமாக உட்காரலாம். இரண்டு வாரம் கழித்துக் கொக்கி தைக்கலாம், ஓரம் அடிக்கலாம். மெஷினுக்கு ஒரு மாதம் ஆகட்டும். கரி இஸ்திரிப் பெட்டி, தண்ணீர்க் குடம், துணிக் கட்டு எதையும் ஆறு வாரம் தொடக்கூடாது.

பணத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அழகு சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்கப் பார்க்கும். உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் எழுதித் தரும் சான்று, புண்ணின் படங்கள், கழுத்து வலிக்குப் பார்த்த சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து முன்அனுமதி கேளுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் கோட்டயம் மருத்துவக் கல்லூரியிலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. தனியாரிடம் போனால், பெயருக்குப் பின்னால் அந்தத் துறையில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (புதியவர்களுக்கு டி.ஆர்.என்.பி.) பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது செய்துகொள்வது? தை மாதக் கடைசி நல்லது. தீபாவளி, பொங்கல் தையல் முடிந்திருக்கும், சபரிமலைக் கூட்டமும் வழியில் இருக்காது, வியர்வையும் குறைவு. மே மாதப் பள்ளிச் சீருடைத் தையலுக்குள் தேறிவிடலாம். உங்களுக்கென்று புது ஜாக்கெட் வெட்டுவதை மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். வீக்கம் வடிந்து அளவு நிலைக்க அவ்வளவு நாள் பிடிக்கும். அதுவரை பழையதையே பக்கத்தில் பிடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.