ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள்

தம்பி, வேலை இன்டர்வியூவில் "தமிழ் மீடியமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள், கடைசியில் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் 15,000 ரூபாய் டெபாசிட்டும் கேட்டார்கள், திங்கட்கிழமை சேரலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். சேராதீர்கள். வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்கக் கூடாது.

2009-இல் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் நானும் ஒரிஜினலைக் கொடுத்தேன். இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்ப வாங்க எட்டு மாதம் நடையாய் நடந்தேன். சான்றிதழை அடகுப் பொருள்போல் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரி வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் கேட்டால் ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அப்படியென்றால் இப்போதே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நேரம் போகப் போக மீட்பது கஷ்டம்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. ஜாவா புரோகிராமிங்கில் ஓவர்லோடிங், ஓவர்ரைடிங் வித்தியாசத்துக்கு நீங்கள் சொன்ன பதில் முழுக்கச் சரி. தடுமாறியது ஆங்கிலம் மட்டும்தான், அது பேசப் பேச வந்துவிடும். பயோடேட்டாவை அனுப்புங்கள், பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டு. இன்று இரவே பார்க்கிறேன்.